வேலையை விடாமல் மனநல உதவிப் பணிக்குப் படிப்பது எப்படி

லால்குடியில் ஒரு மருந்துக்கடை கவுன்டரில் 14 வருடமாக நிற்கிறேன். மாதாமாதம் ஒரு அம்மா வருவார். மகனுக்கு மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், கூடவே அதன் பக்கவிளைவுக்கு டிரைஹெக்ஸிபெனிடில். அவரைத் தெருமுனையில் பார்த்தாலே மாத்திரையை எடுத்து வைத்துவிடுகிற அளவுக்குப் பழக்கம். ஒரு மாதம் வந்தவர் தலைவலி மாத்திரை மட்டும் கேட்டார். "தம்பிக்கு வேணாமா?" என்றேன். "அவன் நல்லாயிட்டான்ப்பா. இனிமே எதுக்கு, காசுக்குப் பிடிச்ச கேடு" என்றார். நான் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தேன். பத்து வாரம் கழித்துப் பஞ்சும் கட்டுத்துணியும் வாங்க வந்தார். பையன் ஜன்னல் கண்ணாடியைக் கையால் குத்தியிருந்தான்.

அந்த "சரிம்மா"வுக்குப் பதிலாக என்ன சொல்லியிருக்க வேண்டும்? மருந்தின் பெயர், அளவு, விலை எல்லாம் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்கப் போனேன். இப்போது மூன்று வருடமாக, கடை வேலை போக மிச்ச நேரத்தில் திருச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்வருகிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது கடைக்கே வந்து "இதுக்கு எங்க படிக்கணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். பில் போட்டுக்கொண்டே அவர்களுக்குச் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எந்த வேலைக்கு என்று முதலில் தீர்மானியுங்கள்

மனநல மருத்துவர் ஆக எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேல் படிக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் முதுகலைக்கு மேல் தனிப் பயிற்சியும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் வேண்டும். மனநல சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் இருவருக்கும் தனித்தனிப் படிப்பு உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் யார் யார் மனநல வல்லுநர்கள் என்று வரையறுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை படித்து அந்த வரிசையில் இடம்பிடிக்க முடியாது.

பகுதிநேரமாகப் படித்துச் செய்யக்கூடியவை வேறு. வீடு தேடிப் போகும் களப்பணியாளர், மறுவாழ்வு இல்லத்தில் உடனிருக்கும் உதவியாளர், பகல்நேர மையத்தில் கைத்தொழில் சொல்லித் தருபவர், ஹெல்ப்லைனில் பேசும் தன்னார்வலர். நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலை இல்லை, மருந்தை மாற்றுவது நம் வேலையே இல்லை. எங்கள் பேட்ச்சில் ஒருவர் மூன்றாவது வாரமே ‘மனநல ஆலோசகர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வந்தார். வகுப்பு எடுத்த மேடம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை அடிச்சீங்க?" என்று கேட்டார். "இருநூறு." "பின்னாடி வெள்ளையாத்தான் இருக்கு, மளிகை லிஸ்ட் எழுதலாம்" என்றார்.

அதற்காக இதைக் குறைந்த வேலை என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிடையாது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் என்ன செய்தார் தெரியுமா? ஊர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் ஒரு மரப்பெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவர்களிடம் அந்தப் பாட்டிகள் ‘டிப்ரஷன்’ என்று பேசுவதில்லை. அங்கே புழங்கும் ‘குஃபுங்கிசிசா’ என்ற சொல்லைத்தான் சொல்வார்கள். அதற்கு அர்த்தம் அளவுக்கு மீறி யோசிப்பது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கடைக்குத் தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்கள் பாதிப் பேர் சொல்வதும் "யோசனை ஜாஸ்தியா இருக்கு" என்பதுதான். கோவாவிலும் விக்ரம் பட்டேல் குழுவினர் மனநலம் படிக்காத உள்ளூர்க்காரர்களைப் பழக்கி, ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் மனச்சோர்வு குறைவதை ஆய்வு செய்து காட்டினார்கள். பழக்கினால் முடியும். எப்படிப் பழக்குகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது

நான் முதலில் ஏமாந்தேன். ‘கவுன்சலிங் டிப்ளமோ, இரண்டே நாளில்’ என்று போனில் வந்த விளம்பரத்துக்கு 3,500 ரூபாய் கட்டினேன். ஜூமில் ஒரு கூட்டமே இருந்தது. ஒருவர் ஸ்லைடை வாசித்தார், நாங்கள் மைக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட்டோம். பொன்னிறக் கரை போட்ட சான்றிதழ் வந்தது. அது இன்னும் கடை டிராயரில் பழைய பில் புத்தகங்களுக்கு அடியில் கிடக்கிறது.

இரண்டாவது முறை புத்தி வந்து, போன் செய்து கேள்வி கேட்டேன். நீங்களும் கேளுங்கள். முதல் கேள்வி, களப்பயிற்சி எத்தனை மணிநேரம்? "அதெல்லாம் நீங்களே பார்த்துக்கணும்" என்றால் போனை வைத்துவிடலாம். நான் சேர்ந்த இடத்தில் 24 ஞாயிறு வகுப்பு, 120 மணிநேரம் களம். இரண்டாவது, படித்து முடித்த பிறகும் என் வேலையை யார் மேற்பார்வை செய்வார்கள், அவருடைய தகுதி என்ன, எத்தனை நாளுக்கு ஒருமுறை? மூன்றாவது, என் கைக்கு மீறிய ஆள் வந்தால் எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? இதற்குப் பெயரோடு பதில் வர வேண்டும். கடைசியாக, நோயிலிருந்து மீண்டு வந்தவர் யாராவது வகுப்பு எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். எங்களுக்கு, மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் இரண்டு ஞாயிறு வகுப்பெடுத்தார். "வீட்ல எல்லாரும் என்னை விட்டுட்டு என் மாத்திரையைத்தான் நலம் விசாரிப்பாங்க" என்று அவர் சொன்னது எங்கள் நோட்டில் இல்லாத பாடம்.

அஞ்சல்வழியில் உளவியல் பட்டம் வாங்கிவிடலாம் என்று பழைய தகவலை வைத்துக்கொண்டு பலர் கேட்கிறார்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலை வழியிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. ஏதாவது ஏஜென்ட் "பழைய தேதி போட்டுச் சேர்த்துவிடுகிறேன்" என்றால் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள்.

எங்கே விசாரிப்பது? சென்னைப் பக்கம் என்றால் மனச்சிதைவு நோய்க்காக சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப், வீடில்லாத மனநோயாளிகளுக்காக 1993-இல் தொடங்கிய பேனியன், தற்கொலைத் தடுப்புக்கென்றே லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா. மூன்றும் வெவ்வேறு வேலை. சிநேகாவில் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றுத்தான் போனை எடுக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது மாவட்ட மனநலத் திட்டக் குழு. தமிழ்நாட்டில் அந்தத் திட்டம் 1997-இல் எங்கள் திருச்சியில்தான் முதலில் வந்தது. இப்போது மருத்துவக் குழு குறிப்பிட்ட நாளில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வந்து மனநல ஓபி பார்க்கிறது. உங்கள் மாவட்டத்தில் எந்தத் தொண்டு நிறுவனம் உருப்படியாக வேலை செய்கிறது என்று அந்தக் குழுவின் சமூகப் பணியாளருக்குத் தெரிந்த அளவு இணையத்துக்குத் தெரியாது.

நேரம்

எனக்குக் கடை மதியம் 2 முதல் இரவு 10 வரை. ஞாயிறு விடுமுறை. முதலாளியிடம் உண்மையைச் சொல்லித்தான் சேர்ந்தேன். ஞாயிறு காலை லால்குடியில் பஸ் ஏறி, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, 10 மணி வகுப்பு, மாலை 4 வரை. களத்துக்குச் செவ்வாயும் வியாழனும் காலை 9 முதல் பன்னிரண்டரை. இந்தக் கணக்கில் 120 மணிநேரம் முடிய நாலு மாதத்துக்கு மேல் ஆனது. வாரத்தில் ஒருநாள்கூட வீட்டில் முழுதாக இருக்க முடியாது என்பதைச் சேர்வதற்கு முன்பே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அந்தக் கதை வேண்டாம்.

வகுப்பில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள்

ஒரே வரியில் சொன்னால், அறிவுரை சொல்லாமல் இருக்க. ஆறு மாதத்தில் பாதி இதற்குத்தான் போனது.

முதல் பயிற்சியில் மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் வாட்சும் நோட்டுமாக ஓரத்தில் உட்கார்ந்து கவனிக்க. எனக்கு எதிரே அங்கன்வாடி டீச்சர் ஒருவர். "மாமியாரோட மூணு நாளா பேச்சே இல்ல. தட்டை டக்குன்னு வைக்கிறாங்க, அதுல தெரியும்..." என்று ஆரம்பித்தார். நான் நல்ல பிள்ளையாக, "நீங்களே முதல்ல போய்ப் பேசிடுங்க டீச்சர்" என்றேன். கவனித்தவர் நோட்டைக் காட்டினார்: ‘22 வினாடி. அறிவுரை.’ ஐந்து நிமிட முடிவில் என் கணக்கு இது: அறிவுரை 6, ‘கவலைப்படாதீங்க’ 4, என் வீட்டுக் கதை 1, கேள்வி 0.

பிறகு என்ன செய்வது? அதற்கும் நம்மிடம் வழி இருக்கிறது. பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டுவோமே, அதுதான் முதல் பாடம். நடுவில் நிறுத்தினால் "அப்புறம்?" அதற்கு மேல், அவர் சொன்ன வார்த்தையையே திருப்பிக் கொடுப்பது. "தட்டை டக்குன்னு வைக்கிறாங்க" என்றால் "டக்குன்னு..." என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மறுவாரம் இதைச் செய்தபோது அந்த டீச்சர் மாமியாரை விட்டுவிட்டு, போன வருடம் இறந்துபோன தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "போய்ப் பேசிடுங்க" என்று நான் சொல்லியிருந்த பதில் எந்தக் கேள்விக்கு என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

வீட்டில் பழகுங்கள். தினமும் பத்து நிமிடம் யாராவது பேச, நீங்கள் ஒரு யோசனையும் சொல்லாமல் கேளுங்கள். நாலாம் நாள் என் மனைவி, "உடம்பு கிடம்பு சரியில்லையா? எதுக்கும் பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க" என்றார்.

இன்னொரு பாடம், ஜனங்கள் பேசும் வார்த்தையில் நோயைக் கண்டுகொள்வது. யாரும் வந்து ‘மனச்சோர்வு’ என்று சொல்ல மாட்டார்கள். "நெஞ்சு பாரமா இருக்கு", "சோறு இறங்கல", "கை கால் ஓஞ்சு போவுது", "மனசு கெடந்து அடிச்சுக்குது" என்பார்கள். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு, வாயுத் தொல்லைக்கு மருந்து கொடுத்து அனுப்பிய ஆள் நான். மனச்சோர்வு எவ்வளவு என்று பார்க்க பிஹெச்க்யூ–9 என்று ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று பழக்குவார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. ரேஷன் கார்டு விண்ணப்பம் நிரப்புவது போல வாசிக்காதீர்கள், பேச்சின் நடுவே கேளுங்கள். எண் எவ்வளவு வந்தாலும் அது மருத்துவரிடம் கொண்டுபோகும் தகவல்தான்.

அந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. எல்லோரும் தடுமாறுகிற இடம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம். அப்படி ஆவதில்லை, கேட்டால் பெரும்பாலும் பாரம் இறங்கும். வாய்க்கு வருகிறவரை உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். நான் சொல்வது இது: "இவ்வளவு கஷ்டம் இருக்கும்போது சில பேருக்கு உயிரோட இருக்கவே வேணாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதாம்மா?" கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். "அப்படியெல்லாம் எதுவும் இல்லையே?" என்று கேட்பது கேள்வியே இல்லை, "இல்லைன்னு சொல்லுங்க" என்று கெஞ்சுவது.

"ஆமா" என்று பதில் வந்தால் தனியாக விட்டுவிட்டு வரக் கூடாது. அங்கேயே மேற்பார்வையாளருக்குப் போன், வீட்டில் நம்பிக்கையான ஒருவரை உடன் வைப்பது, அன்றே மருத்துவரிடம் சேர்ப்பது. ராத்திரி என்றாலும் அரசின் மனநல ஹெல்ப்லைன் டெலிமானஸ் 14416 இருக்கிறது, சுகாதார ஹெல்ப்லைன் 104 இருக்கிறது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்பார்கள். பண்ணாதீர்கள். எங்கள் பக்கம் வாழையும் நெல்லும், வீட்டுக்கு வீடு பூச்சிமருந்து இருக்கும். அதை வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் பூட்டி வைக்கச் சொல்வதும் நம் வேலைதான். இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. மனசை மாற்ற நாள் பிடிக்கும், டப்பாவை மாற்றி வைக்கப் பத்து நிமிடம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவும் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. இதைச் சொல்லத் தெரிந்திருந்தால் பாதிக் கதவு திறக்கும்.

மாத்திரை விஷயம்

இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடக் கரையோரம் ஒரு வீடு. 26 வயதுப் பையன் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தான். "நோய் முத்திப்போச்சு தம்பி, ராவெல்லாம் இதே நடைதான்" என்றார் அப்பா. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான், இரண்டு நிமிடம் தாங்கவில்லை, கால் தானாக ஆட ஆரம்பித்தது. "நடக்கணும்னு ஆசையாண்ணா எனக்கு? உள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்கு" என்றான். சீட்டைப் பார்த்தால் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் மருந்தின் அளவு கூடியிருக்கிறது. நடை ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். மனநோய்க்கான சில மாத்திரைகள் சிலருக்கு இப்படிச் செய்யும். மருத்துவர்கள் அகத்தீசியா என்பார்கள்.

அப்போது நான் செய்தது எழுதியது மட்டும்தான். எந்தத் தேதியில் அளவு கூடியது, எந்தத் தேதியில் நடை தொடங்கியது, அவன் சொன்ன ‘எறும்பு’ என்ற வார்த்தை. "ரெண்டு நாளைக்கு நிறுத்திப் பாருங்க" என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அடுத்த ஓபி நாள் வரை காத்திருக்காமல் மறுநாளே பையனை அழைத்துப் போனோம், மருத்துவர் மருந்தை மாற்றினார். நடை நின்றது.

இந்த மாதிரி நாலைந்து விஷயம் களப்பணியாளர் கண்ணில் பட வேண்டும். ஓலான்சபின் சாப்பிடுகிறவருக்கு எடை ஏறுகிறதா, சர்க்கரை பார்த்தார்களா? லித்தியம் சாப்பிடுகிறவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. குளோசபின் என்றால் ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது, காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். கண்டுபிடிப்பது நாம், முடிவெடுப்பது அவர்கள்.

அந்த முதல் அம்மாவிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதும் இப்போது தெரியும். "நல்லாயிட்டானா, சந்தோஷம்மா. எப்போதிலிருந்து நிறுத்தியிருக்கீங்க? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" காசுதான் காரணம் என்றால், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் என்பதையும் சேர்த்து. மொத்தம் அரை நிமிடம்.

களத்தில்

முதல் வீட்டிலேயே சொதப்பினேன். நிறுவனத்தின் பெயரில் ‘மனநல’ என்ற சொல் உண்டு. அது போட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, தெருக்குழாயில் நின்றவர்களிடம் வீட்டுக்கு வழி கேட்டுப் போனேன். நான் போய்ச் சேருமுன் செய்தி போய்விட்டது. "இங்க அப்படி யாரும் இல்ல" என்று கதவு சாத்தினார்கள். அந்தக் கதவு எட்டு மாதம் திறக்கவில்லை. இப்போது அட்டை சட்டைப் பைக்குள். யாராவது கேட்டால் "மருந்துக்கடைத் தம்பி" என்றுதான் சொல்வேன், அதுவும் உண்மைதானே. பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் கூட ஒரு பெண் பணியாளர் இல்லாமல் போவதில்லை.

இன்னொரு வீட்டில் மூன்று வருடமாக அறையை விட்டு வராத ஒருவர். மூன்று செவ்வாய்க்கிழமை திண்ணையில் உட்கார்ந்து அவருடைய அண்ணனிடம் வாழைத்தார் விலை பேசிவிட்டு வந்தேன். நாலாவது வாரம், பூவன் என்ன விலைக்குப் போனது என்று நான் தப்பாகச் சொன்னதை உள்ளேயிருந்து ஒரு குரல் திருத்தியது. அன்றைய குறிப்பில் நான் எழுதியது அவ்வளவுதான்: ‘விலையைத் திருத்தினார்.’

குறிப்பு எழுதுவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் மேற்பார்வையாளர் உங்களை எடைபோடுவது அதை வைத்துத்தான். ‘ஒத்துழைப்பு இல்லை, சோம்பேறியாக இருக்கிறார்’ என்று என் முதல் குறிப்பு. மேடம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "இது உங்க எரிச்சல். அவர் என்ன செஞ்சாரு?" என்று கேட்டார். திருத்தி எழுதியது: ‘11 மணிக்குப் படுத்திருந்தார். தினமும் இரவு மாத்திரை போடுவதாகச் சொன்னார். 10 மாத்திரை அட்டை சனி இரவு தொடங்கியது, இன்று செவ்வாய். 7 இருக்க வேண்டும், 9 இருக்கிறது.’ இதை வைத்து மருத்துவரால் ஏதாவது செய்ய முடியும்.

எங்கள் மாவட்டத்தில் குணசீலத்தைப் பற்றிப் பேசாமல் இந்த வேலை இல்லை. பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் 48 நாள் தங்கினால் மனம் தெளியும் என்று தலைமுறை தலைமுறையாக அழைத்து வருகிறார்கள். பயிற்சிக்கு வந்த ஒரு இளைஞர் ஒரு வீட்டில் போய் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பேசிவிட்டார். அந்த வீட்டுக்கு இனி நாங்கள் யாரும் போக முடியாது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: "போய்ட்டு வாங்கம்மா. 48 நாளைக்கும் மாத்திரை இருக்கா, எண்ணிக் கட்டித் தரட்டுமா?"

ஆனால் ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் போனவர்களையும் சேர்த்து 28 பேர் செத்தார்கள். இப்போதைய சட்டத்தின் 95-ஆவது பிரிவு எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடுக்கிறது. வீட்டில் அதைப் பார்த்தால் கத்தாதீர்கள், பெரும்பாலும் கட்டியது அழுதுகொண்டே கட்டிய அம்மாவாக இருப்பார். ஆனால் அன்றைக்கே மேற்பார்வையாளருக்குச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் சொந்த நம்பரை யாருக்கும் கொடுக்காதீர்கள், அலுவலக நம்பரைக் கொடுங்கள். நான் கொடுத்தேன். இரவு 2 மணிக்கு ஒரு அப்பா, மகள் தூங்கிவிட்டாள் என்று சொல்லக் கூப்பிட்டார். நல்ல செய்திதான், ஆனால் ஒவ்வொரு இரவும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேற்பார்வையாளரோடு ஒரு மணிநேரம் உட்காருவது இதையெல்லாம் கொட்டத்தான். இரண்டு முறை தொடர்ந்து நீங்கள் அதைத் தவிர்த்தால் அதுவே ஒரு அறிகுறி என்பார் எங்கள் மேடம்.

சம்பளம்

எனக்கு மாதம் 5,000 ரூபாய், பஸ் காசு தனி. இதை நம்பிக் கடையை விட முடியாது, விடவும் இல்லை. முழுநேரமாகச் சேர்ந்தவர்கள் எங்கள் பேட்ச்சில் மூன்று பேர். மறுவாழ்வு இல்லங்களில் இரவுப் பணிக்கு எப்போதும் ஆள் தேவைப்படுகிறது. பெண்களுக்கும் நடுத்தர வயதுக்காரர்களுக்கும் அங்கே இடம் கிடைப்பது சுலபம். நேர்காணலில் சான்றிதழை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. "கடைசியாப் போன வீட்ல என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்பார்கள். பெயரையும் ஊரையும் சொல்லாமல் சொல்கிறீர்களா என்பதும் அந்தத் தேர்வில் ஒரு பாகம்.

இத்தனையும் படித்த பிறகும் இறங்கலாம் என்று தோன்றினால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியில் மனநல ஓபி என்றைக்கு என்று விசாரியுங்கள். அங்கே இருக்கும் சமூகப் பணியாளரிடமோ நர்ஸம்மாவிடமோ அனுமதி கேட்டு, காத்திருக்கும் பெஞ்சில் ஒரு காலை முழுக்க உட்காருங்கள். போனை எடுக்காதீர்கள், நோட்டையும் எடுக்காதீர்கள். அரை மணிநேரத்துக்குள் பக்கத்தில் இருப்பவர், "நீங்க யாருக்கு வாங்க வந்திருக்கீங்க?" என்று கேட்பார்.